நாற்சக்கர இயக்கமும் மூவகை அறிதலும்

பாலாற்றின் வடகரையை அடுத்திருப்பது வாலாஜாபாத் என்னும் பேரூர். ஆர்க்காட்டு நவாபாயிருந்த முகம்மது அலி வாலாஜாவின் பெயரால் வழங்குவது இவ்வூர். செங்கற்பட்டினின்று அரக்கோணஞ் செல்லும் இருப்புப் பாதை இதனூடு செல்கின்றது. இவ்வூர்க்குக் கிழக்கே ஒரகடமும் வடகிழக்கே ஸ்ரீபெரும்புதூரும் உள்ளன. ஒரகடத்தில் ரெனோ, நிசான் என்னும் இரு நிறுவனங்களுங் கூடி நிறுவிய கார்த் தொழிற்சாலை 2010-இல் திறக்கப்பட்டது. டெய்ம்லர் நிறுவனத்தாரின் லாரித் தொழிற்சாலை 2012-இல் திறக்கப்பட்டது. ஊர்திகளை ஓட்டியும் மோதியும் ஆராய்கின்ற ஆராய்ச்சி நிலையமொன்றும் ஆண்டே அமைந்துளது. வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் வரும் நெடுஞ்சாலையின் ஓரத்தே நின்று நோக்குவார்க்குப் புத்தம் புதிய ஊர்திகள் அணியணியாகச் செல்லுங் காட்சி வியப்பை விளைப்பதாகும்.

ஆயினும், அந்நெடுஞ்சாலையை விட்டுச் சிறிது தொலைவு உள்ளே சென்றால் ஏரிக்கரைப் பாதையும், களத்துமேட்டு வழியும், பாலாற்று மணலும் பண்டுபோலவே உள்ளன. மழை பெய்த நாளில் அவ்வழிகளிற் புதிய ஊர்திகள் புகத் தயங்கும். ஆண்டுப் பழைய பிக்கப் வண்டிகளே நெல்லும் எருவும் வைக்கோலும் சுமந்து செல்வன. அவற்றுட் சில நான்கு சக்கரங்களாலும் உந்தப்படும் அமைப்பின. அவ்வமைப்பை ஆளும் கம்பிகளையும் திருகுகளையும் பற்றி ஈண்டு ஒரு சிறிது கூற விழைகின்றேம். தமிழ் பயில்வார்க்கு இஃது எற்றுக்கென்று அன்பர் சிலர் வினவக்கூடும். இதனை எழுதப் புகுந்தமைக்குக் காரணம் ஒன்று உண்டு. அதனை இறுதியிற் கூறுவாம்.

இவ்வமைப்பின் இன்றியமையாமை

பொதுவாக ஒரு பிக்கப் வண்டியில் என்ஜினின் ஆற்றல் கியர்ப்பெட்டி வழியே பின்னச்சுக்குச் சென்று பின்சக்கரம் இரண்டையுஞ் சுழற்றுகின்றது. முன்சக்கரங்கள் வழிகாட்டுவனவேயன்றி உந்துவன அல்ல. பின்னச்சின் நடுவே டிஃபரன்ஷியல் என்னும் பல்சக்கரத் தொகுதி ஒன்று உண்டு. வண்டி வளையுங்கால் வெளிப்பக்கத்துச் சக்கரம் மிகுதியும், உட்பக்கத்துச் சக்கரம் குறைவுமாகச் செல்லவேண்டுமாதலின், இரண்டும் வெவ்வேறு விரைவிற் சுழல இடந்தருவது இதுவே.

சாலையில் நன்மை செய்கின்ற இவ்வமைப்புச் சேற்றில் தீமை செய்கின்றது. டிஃபரன்ஷியல் இரு சக்கரங்கட்கும் ஒப்பவே முறுக்காற்றலை அளிக்கும் இயல்பினது. ஒரு சக்கரம் வழுக்குமாயின் அதனாற் கொள்ளத்தக்க ஆற்றல் மிகச் சிறிதாகின்றது. ஆகவே, பற்றுள்ள மற்றைச் சக்கரத்துக்கும் அச்சிறு அளவே கிடைக்கின்றது. வழுக்குஞ் சக்கரம் சுழன்று சேற்றை வாரியிறைக்க, மற்றையது வாளா நிற்கின்றது. சேற்றில் அகப்பட்ட வண்டியைக் கண்டார் எல்லாரும் இதனைக் கண்டிருப்பர்.

முன்சக்கரங்களும் உந்துமாயின் இத்துன்பம் பெரிதும் நீங்கும். அதன்பொருட்டுக் கியர்ப்பெட்டியின் பின்னே மற்றொரு பெட்டி வைக்கப்படுகின்றது. இதனை மெக்கானிக்குகள் டிரான்ஸ்பர் கேஸ் என்பர். ஆற்றலை முன்னும் பின்னுமாகப் பகிர்வது என்பது கருத்து. இதனின்று ஒரு தண்டு பின்னச்சுக்கும், மற்றொரு தண்டு முன்னச்சுக்கும் செல்லும். முன்தண்டை இணைப்பதும் விடுப்பதும் ஓட்டுநர்தம் கைக்கம்பியின் தொழிலாகும்.

கம்பியின் வரலாறு

1941 முதல் 1945 வரை அமெரிக்காவிற் படைக்கெனச் செய்யப்பட்ட வில்லிஸ் ஜீப்பில், கியர்க்கம்பியின் பக்கத்தே குறுங்கம்பிகள் இரண்டு இருந்தன. ஒன்று முன்னச்சை இணைப்பது. மற்றொன்று விரைவு நிலை, மெது நிலை என்னும் இரண்டனுள் ஒன்றைத் தெரிவது. முன்னச்சு இணையாதவழி மெது நிலை விழாதவாறு அவ்விரண்டற்கும் இடையே ஒரு தடையும் அமைத்திருந்தனர். மெது நிலையில் எழும் பேராற்றல் முழுவதையும் பின்னச்சு ஒன்றே தாங்கி முறிந்துவிடலாகாது என்பதே அதன் நோக்கம். 1946-இல் டாட்ஜ் நிறுவனத்தார் இவ்வகை இயக்கத்தோடு கூடிய பிக்கப் லாரியைப் பொதுமக்கட்கு விற்கத் தொடங்கினர். 1948-இல் இங்கிலாந்தில் லாண்ட் ரோவர் தோன்றியது. அதன் பழைய வண்டிகள் பலவற்றில் மஞ்சட் குமிழை அழுத்தின் நான்கு சக்கரமும் உந்தும். செங்குமிழ்க் கம்பியைப் பின்னிழுப்பின் மெது நிலை விழும். எழுத்தறியாதாரும் நிறங்கண்டு ஓட்டுதற்கு ஏற்ற ஏற்பாடு இஃது.

நம் நாட்டில் மகிந்திரா நிறுவனத்தார் வில்லிஸ் ஜீப்பைச் செய்து பரப்பினர். ஜபல்பூர்ப் படைக்கலத் தொழிற்சாலையில் 1969 முதல் 1999 வரை ஜோங்கா என்னும் வண்டி செய்யப்பட்டது. 1985-இல் மாருதி ஜிப்சி வெளிவந்தது. நம் சிற்றூர்களிற் பழைய நாற்சக்கர வண்டியைக் கையாளத் தெரிந்தார் சிலர் படையிற் பணிபுரிந்து மீண்டோராயிருத்தல் இதனாலேயாம்.

காலம் செல்லச் செல்ல இரு கம்பியும் ஒரு கம்பியாயின. அதன் தலையில் 2 எச், 4 எச், என், 4 எல் என நான்கு நிலைகள் பொறிக்கப்பட்டிருக்கும். 2 எச் என்பது பின்சக்கரம் இரண்டு மட்டும் விரைவு நிலையில் உந்துதல். 4 எச் என்பது நான்கும் விரைவு நிலையில் உந்துதல். 4 எல் என்பது நான்கும் மெது நிலையில் உந்துதல். என் என்பது எதுவும் உந்தாத நடுநிலை.

இடம் அறிதல்

திருவள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தனர். அவை அரசர்க்கு உரியன என்று உரையாசிரியர் கூறுவர். எனினும், இக்கம்பியை ஆளுவார்க்கும் அம்மூன்றும் பொருந்துதலை யாம் கண்டேம். கற்றற்கு எளிதாதல் நோக்கி அவற்றை முறைமாற்றி உரைப்பாம்.

பெருந்தேர் கடலிற் செல்லாமையும், கடலோடும் மரக்கலம் நிலத்திற் செல்லாமையும் இடனறிதலுட் காட்டப்பட்டன. அவ்வாறே, 4 எச் நிலை சேற்றுக்கும் மணலுக்கும் உரியது. உலர்ந்த தார்ச்சாலைக்கு உரியதன்று. இதன் காரணத்தைக் கணக்கிட்டு அறிதல் நன்று.

முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 2.5 மீட்டர் தொலைவுள்ள ஒரு வண்டி, பின்னச்சின் நடு 5 மீட்டர் ஆரமுள்ள வட்டத்திற் செல்லுமாறு வளைகின்றது என்று கொள்க. அப்பொழுது முன்னச்சின் நடுச் செல்லும் வட்டத்தின் ஆரம் ஏறத்தாழ 5.59 மீட்டர் ஆகும். ஒரு முழுச் சுற்றிற் பின்னச்சு 31.4 மீட்டரும் முன்னச்சு 35.1 மீட்டரும் செல்லும். கால் சுற்று வளைந்தாலே முன்னச்சு 90 செ.மீ.க்கு மேல் மிகுதியாகச் செல்லவேண்டியதாகின்றது. ஆனால், 4 எச் நிலையில் இவ்வண்டிகளின் முன்தண்டும் பின்தண்டும் ஒன்றாகப் பூட்டப்பட்டு ஒரே விரைவிற் சுழல்வன. மிகுதியை எங்ஙனம் ஈடுசெய்வது? மணலிலுஞ் சேற்றிலும் சக்கரம் சிறிது வழுக்கி அதனை ஈடுசெய்துகொள்ளும். உலர்ந்த சாலையில் வழுக்க இடமில்லை. ஆகவே, தண்டுகளிலும் பல்சக்கரங்களிலும் முறுக்கு ஏறுகின்றது. திசைவளையம் கனக்கும், டயர்கள் தேயும், கம்பியை 2 எச்சுக்கு இழுத்தாலும் வாராது. வலிந்து இழுப்பின் ஏதேனும் ஒன்று முறியும்.

இவ்வாறு இறுகியவழிச் செய்யத்தக்கது ஒன்றுண்டு. வண்டியை நேரே நிறுத்திச் சிறிது தொலைவு பின்னோக்கிச் செலுத்துக; முறுக்கு அவிழக் கம்பி தானே இளகும். சாலையோரத்து மண்ணில் இறக்கி ஓட்டினும் இளகும்.

காலம் அறிதல்

வலிய கூகையையும் பகற்போதிற் காகம் வெல்லும் என்பது காலமறிதலுட் காட்டிய உவமை. நாற்சக்கர இயக்கத்துக்கும் உரிய காலம் உண்டு. சேற்றிற் புகுமுன் இணைத்தலே அறிவு. புதைந்தபின் இணைத்தல் பெரும்பாலும் பயனிலது. பின்சக்கரம் தோண்டிய குழியிற் புதைந்து அச்சு மண்ணைத் தொட்டுவிட்டால், வண்டியின் பாரம் சக்கரத்தின் மேலன்றி மண்ணின் மேலே தங்கும். பின்னர் நான்கு சக்கரமுஞ் சுழன்றாலும் பற்றுக்கோடு இல்லையாம்.

4 எல் நிலைக்கு மாற்றுங்கால் வண்டியை முற்றும் நிறுத்திக் கிளச்சை அழுத்திக் கியரை நடுநிலையில் வைத்துப் பின்னரே கம்பியை நகர்த்தல் வேண்டும். ஓடும்பொழுது மாற்ற முயலின் பற்கள் உராய்ந்து அலறும்.

நடுநிலையாகிய என் என்பதனைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை கூறவேண்டும். கியரில் இட்டு நிறுத்திய வண்டி நகராது என்பது ஓட்டுநர் பலர்தம் நம்பிக்கை. டிரான்ஸ்பர் கேஸ் நடுநிலையில் இருப்பின் கியர்ப்பெட்டிக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இல்லை. ஏரிக்கரைச் சரிவில் அவ்வாறு விட்டுச் சென்றால் வண்டி தானே உருளும். கைப்பிரேக்கு இட்டுச் சக்கரத்தின் கீழே கல்லும் வைத்தல் கடனாகும்.

வலி அறிதல்

மென்மையான மயிற்பீலியேயாயினும் அளவு கடந்து ஏற்றின் வண்டியின் அச்சு முறியும் என்பது வலியறிதலுட் கண்ட செய்தி. வண்டியைப் பற்றிய உவமையையே ஆசிரியர் அங்கே எடுத்தாண்டமை கருதத்தக்கது.

4 எல் நிலை விரைவைக் குறைத்து அதற்கு ஈடாக முறுக்காற்றலைப் பெருக்குவது. வில்லிஸ் ஜீப்பில் அப்பெருக்கம் 1.97 மடங்கு, அஃதாவது, விரைவு ஏறத்தாழப் பாதியாக, ஆற்றல் ஏறத்தாழ இருமடங்காகும். ஆற்றல் புதிதாகப் பிறந்ததன்று. விரைவைக் கொடுத்துப் பெற்றதேயாம். இந்நிலை செங்குத்தான கரையில் ஏறுதற்கும், கனத்த சுமையைச் சேற்றில் இழுத்தற்கும், சரிவில் என்ஜினே வண்டியைத் தாங்கி மெல்ல இறக்குதற்கும் உரியது. இந்நிலையில் மணற்பரப்பில் ஆக்ஸிலரேட்டரை மிக அழுத்தினால் சக்கரங்கள் தாமே குழிதோண்டிப் புதையும். நெடுந்தூரம் விரைந்தோட்டினால் என்ஜின் கெடும். நான்கு சக்கரம் உந்துதலால் வண்டி விரைவில் நிற்கும் என்று எண்ணுதலும் பிழை. பிரேக்கு எல்லா வண்டிக்கும் நான்கு சக்கரத்திலேயே உள்ளது. ஈரச்சாலையில் நிற்குந் தொலைவை இவ்வியக்கம் குறைப்பதில்லை. பாலாற்றில் 2021 நவம்பரில் வந்த வெள்ளம் போன்றதொரு பெருக்கின் முன், எத்துணைச் சக்கரம் உந்தினும் பயனில்லை. தன் வலி, சுமையின் வலி, நீரின் வலி ஆகிய மூன்றையும் சீர்தூக்கிப் பார்த்தல் ஓட்டுநர்தம் கடமையாகும்.

வெளியே உள்ள திருகு

இதுகாறுங் கூறியது வண்டியின் உள்ளே இருக்குங் கம்பி. பழைய வண்டிகள் பலவற்றில் வெளியே இருப்பது ஒன்றுண்டு. முன்சக்கரத்தின் நடுவே, ஹப் என்னும் குடத்தின் மூடியில், கையால் திருகத்தக்க வட்டமான திருகொன்று காணப்படும். அதன்மேல் லாக், ஃப்ரீ என இரு நிலைகள் குறிக்கப்பட்டிருக்கும். வண்டி 2 எச் நிலையிற் சாலையில் ஓடும்பொழுது முன்சக்கரங்கள் உருள, அவற்றோடு முன்னச்சின் தண்டுகளும் டிஃபரன்ஷியலும் வீணே சுழன்று தேயும், எரிநெய்யும் செலவாகும். அதனைத் தவிர்க்கவே இத்திருகு அமைந்தது. ஃப்ரீ நிலையிற் சக்கரம் தண்டினின்று விடுபட்டுத் தனித்து உருளும். லாக் நிலையிற் சக்கரமும் தண்டும் ஒன்றாகும்.

ஆகவே, உள்ளே கம்பியை 4 எச்சில் இட்டாலும் வெளியே திருகு ஃப்ரீயில் இருப்பின் முன்தண்டு சுழலும், சக்கரம் சுழலாது. ஒரு பக்கத்துத் திருகை மட்டும் லாக்கில் வைத்து மற்றதை மறந்தால் என்னாகும்? மூன்று சக்கரமேனும் உந்தும் என்று நினைப்போம். அங்ஙனம் அன்று. மேலே கூறிய டிஃபரன்ஷியலின் இயல்பால், விடுபட்ட பக்கத்துத் தண்டு தடையின்றிச் சுழல, பூட்டிய பக்கத்துக்கு ஆற்றல் செல்லாது. முன்சக்கரம் இரண்டும் உந்தா. ஒன்றை மறந்தது இரண்டையும் மறந்ததற்கு ஒப்பாகும்.

இந்நாளில் வரும் வண்டிகளில் ஓட்டுநர் இருந்த இடத்திலேயே ஒரு குமிழைத் திருப்பினாற் போதும். மின்மோட்டாரே கம்பியின் தொழிலைச் செய்கின்றது. கீழிறங்கிச் சேற்றில் நின்று திருகுந் தொல்லை பலவற்றில் இல்லை. எனினும், உள்ளே நிகழ்வது அதுவே, அறியவேண்டியதும் அதுவே.

எம் பிழை

இனி, முன்னர்க் குறித்த காரணத்தைக் கூறுவாம். தென்னேரிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் எம் தாய்மாமன் பயிர்த்தொழில் செய்து வருகின்றனர். அவரிடம் இவ்வகைப் பழைய பிக்கப் வண்டி ஒன்று உண்டு. ஒரு செப்டம்பர் விடுமுறையில் யாம் ஆண்டுச் சென்றிருந்தேம். சொர்ணவாரி நெல் அறுத்துக் களத்தில் மூட்டையாகிக் கிடந்தது. இருபது மூட்டை ஏற்றிப் புறப்படும்பொழுது மேற்கே வானம் கறுத்தது. முந்தின நாள் மழையிற் களத்துவழி சேறாயிருந்தமையின் மாமன் வண்டியை நிறுத்தி, “தம்பி, இறங்கி முன்சக்கரம் இரண்டையும் லாக் செய்” என்றனர்.

யாம் இறங்கி இடப்பக்கத்துத் திருகைத் திருப்பினேம். வலப்பக்கம் வாய்க்காலை ஒட்டி முழங்காலளவு சேறும் முள்ளுமாயிருந்தது. அன்று காலையில் மாமன் அதனைத் திருப்பியதைக் கண்டதுபோல் எமக்கு ஒரு நினைவு. அந்நினைவை நம்பி மீண்டு ஏறினேம். “இரண்டும் ஆயிற்றா?” என்றனர். “ஆயிற்று மாமா” என்றேம்.

வண்டி சிறிது தொலைவு சென்று நின்றது. மாமன் கம்பியை 4 எச்சில் இட்டும், பின்னர் 4 எல்லில் இட்டும் முயன்றனர். பின்சக்கரங்கள் சுழன்று சுழன்று அச்சளவும் புதைந்தன. மழையும் தொடங்கியது. படையில் வண்டியோட்டியாயிருந்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் அவ்வழியே வந்தார். அவர் ஒன்றும் வினவாமல் சேற்றில் இறங்கி வலப்பக்கத்துச் சக்கரத்தின் நடுவைத் துணியால் துடைத்து எம்மை அழைத்துக் காட்டினார். திருகு ஃப்ரீயில் நின்றது. “தம்பி, உள்ளே இருக்கிற கம்பி கேட்கும்; வெளியே இருக்கிற திருகுதான் கொடுக்கும். இரண்டு பக்கமும் கையால் தொட்டுப் பார்க்காமல் ஆயிற்று என்று சொல்லாதே” என்றார். அவரே அதனைத் திருப்பினார். ஆயின், அதற்குள் அச்சு மண்ணைத் தொட்டுவிட்டது. நான்கு சக்கரமும் சுழன்றும் வண்டி எழவில்லை. மறுநாட் காலை டிராக்டர் வந்தே இழுத்தது.

இருந்த தார்ப்பாய் ஒன்று. அது மூட்டை எல்லாவற்றையும் மூடப் போதவில்லை. எட்டு மூட்டை நெல் நனைந்தது. நேரடிக் கொள்முதல் நிலையங்களில் நெல்லின் ஈரம் பொதுவாக 17 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது. நனைந்ததை உலர்த்த முயன்றும் மழை விடாமையின் ஒரு பகுதி முளைகட்டியது. எஞ்சியது குறைந்த விலைக்குப் போயிற்று. அவ்வாண்டு எம் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பகுதி அந்நெல்லினின்றே வரவேண்டியதாயிருந்தது. மாமன் எம்மை ஒரு சொல்லும் கடிந்திலர். கட்டணத்தையும் உரிய நாளிற் கொணர்ந்து தந்தனர். அதனை எங்ஙனம் ஈட்டினர் என்று இன்றுவரை எமக்குக் கூறிற்றிலர்.

அவ்வாண்டிலேதான் யாம் வகுப்பில் இடனறிதலும் காலமறிதலும் உரையோடு கற்றுத் தேர்வில் நன்கு எழுதியிருந்தேம். கற்றது ஏட்டளவில் நின்றது, களத்துவழிக்கு வரவில்லை. இரு திருகுகளையும் கையாற் றொட்டுப் பாராது வாயால் “ஆயிற்று” என்றமையே எம் பிழை. வண்டி ஆயினும் நூலாயினும், தாம் ஆராயாததொன்றை ஆராய்ந்ததாகக் கூறுதல் பிறர் உழைப்பைச் சேற்றில் ஆழ்த்துவதாகும்.

அன்பர்காள்! உங்கள் ஊரிலும் இத்தகைய பழைய வண்டி ஒன்றும், அதனை ஓட்டத் தெரிந்த முதியவர் ஒருவரும் இருத்தல் கூடும். அடுத்த விடுமுறையில் அவரிடஞ் சென்று அக்கம்பியின் நான்கு நிலைகளையும் கேட்டறிமின். அத்திருகையும் உங்கள் கையாலே திருப்பிப் பார்மின். மாமன் வண்டியில் யாம் இன்று ஏறுமுன் இருபக்கமும் இறங்கித் தொட்டுப் பார்த்தே ஏறுகின்றேம். உலர்ந்த தார்ச்சாலையிலும் அவ்வாறு செய்தலைக் கண்டு மாமன் நகைப்பர், ஆயினும் தடுப்பதில்லை.